எட்டு பத்து வண்டி

ஜூலை 8, தென்காசி

ரயில் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது. மழை எனக்கு முன்பே வந்து காத்திருந்தது. சாரல் காலத்தில் தென்காசியில் படப்பிடிப்பு வைக்கலாம் என்று யார் மண்டையில் உதித்ததோ, அவர் ஒலிப்பதிவாளர் இல்லை. கேமராவுக்குச் சாரல் அழகு. எனக்கு அது தகரக் கூரையில் நாள் முழுக்கப் பொரி வறுக்கும் சத்தம்.

படத்தைப் பற்றி இரண்டு வரி எழுதி வைக்கிறேன். பின்னால் யாராவது கேட்டால் எனக்கே நினைவிருக்காது. இயக்குநர் நறுமுகைக்கு முப்பது வயது. காதலித்து மணந்த நிஜத் தம்பதிகளைப் பிடித்து உட்காரவைத்து, எப்படிச் சந்தித்தீர்கள் என்று கேட்கிறாள். அவர்கள் சொல்வதை ஒரு பையனும் பெண்ணும் நடிக்கிறார்கள். தம்பதிகள் மானிட்டர் முன் அமர்ந்து, "நான் அப்படிச் சிரிக்கல", "அன்னைக்கு இவர் தலை வாரவே இல்ல" என்று திருத்துகிறார்கள். திருத்துவதையும் படம் பிடிக்கிறோம். இது ஆவணப் படமா, கதைப் படமா என்று கேட்டேன். "ரெண்டும் ஓடிப்போய் கட்டிக்கிட்ட படம் சார்" என்றாள்.

நான்கு ஊர், நான்கு ஜோடி முடிந்தது. இது ஐந்தாவது, கடைசி. இருபத்திரண்டு வருடமாகக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு காதல் வசனம் கேட்கிறேன். காது புளித்துவிட்டது.

மதுரைக்குப் போன் செய்தேன். "வந்துட்டேன்." "சரிங்க." "மழை." "ம்." பேசிய நேரம் பதினோரு விநாடி. என் மனைவி மங்கையும் நானும் அனாவசியமாகப் பேசுகிறவர்கள் இல்லை.

ஜூலை 9

ஆவுடையப்பன், அறுபத்தேழு. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி சண்முகவடிவு, அறுபத்தொன்று. கீழப்புலியூர்ப் பக்கம் சின்ன ஓட்டு வீடு. ஓடு என்றதும் எனக்கு உயிர் வந்தது. தகரத்துக்கு ஓடு எவ்வளவோ மேல்.

இருவரும் நாற்காலியில் ஒரு சாண் இடைவெளி விட்டு, ஸ்டுடியோவில் போட்டோ எடுக்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்தார்கள். அவர் சட்டையிலும் அந்தம்மா சேலையிலும் ஆளுக்கொரு காலர் மைக் குத்தினேன். அவர் கேமராவைப் பார்த்துச் சொன்ன கதை இது.

"இவ தட்டச்சு படிக்கப் போவா. காலைல எட்டு பத்து வண்டி. ஒருநாள் அந்தத் தெரு முனைல நீலக் குடையப் பிடிச்சிட்டு ஓடி வாரா. மணி எட்டு பத்து ஆயிட்டு. நான் விசில் ஊதணும். ஊதல. டிரைவர்ட்ட போயி, பின்னால டயர்ல காத்து கொறைஞ்ச மாதிரி இருக்கு, பாரும்னேன். ரெண்டு நிமிசம். இவ ஏறிட்டா."

"ஏறிட்டுத் திரும்பிப் பாத்தேன்" என்றார் சண்முகவடிவு.

"பாத்தா" என்றார் அவர்.

நறுமுகைக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு எளிதில் கலங்கும். நான் என் வேலையைப் பார்த்தேன். ஆனால் ஒன்று உறுத்தியது. அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு சான்றிதழ் சட்டம் போட்டுத் தொங்குகிறது. முப்பத்தொரு வருடப் பணியில் ஒரு வண்டியைக்கூட ஒரு நிமிடமும் தாமதமாக அனுப்பாதவர் என்று பாராட்டு. அந்த ஒரு வண்டியை மேலதிகாரிகள் பார்க்கவில்லை போலும். காதல் வந்தால் கணக்குத் தப்பும் என்று நினைத்துக்கொண்டேன்.

பேச்சு முடிந்ததும் வழக்கம்போல ரூம் டோன். எந்த இடத்தில் படம் எடுத்தாலும் கடைசியில் எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல், அசையாமல் இருக்க வேண்டும். அந்த இடத்தின் வெறும் சத்தத்தை மட்டும் நான் பதிவு செய்வேன். வசனங்களுக்கு நடுவே ஒட்டுப் போடப் படத்தொகுப்பில் அது வேண்டும். இந்தப் படத்தில் அந்த ஒரு நிமிடத்திலும் கேமராவை ஓடவிடச் சொல்லியிருக்கிறாள் நறுமுகை. பேசாத முகம் பொய் சொல்லாதாம்.

ஆவுடையப்பனின் கைக்கடிகாரம் நன்றாகக் கேட்டது. ஓடு ஒழுகும் சத்தம். அந்தம்மாவின் வளையல் ஒரு தடவை.

ஜூலை 10

மழை. வேலை இல்லை. சாக்ஸ் துவைத்தேன். காயாது.

ஜூலை 11

ஊருக்கு வெளியே மூடிக் கிடக்கும் அரிசி ஆலையின் முற்றத்தைப் பழைய பஸ் ஸ்டாண்டாக மாற்றியிருக்கிறார்கள். டைம் கீப்பர் அறை, ஒரு தெரு முனை, அட்டவணைப் பலகை, பதிவேடு எல்லாம் இருக்கிறது. இன்று நாயகி குடையோடு நடந்து வரும் காட்சிகள் மட்டும்.

மானிட்டர் முன்னால் தம்பதிக்குள் சண்டை.

"அவ்ளோ சிரிக்கக் கூடாது தாயி. இவ சிரிக்கவே இல்ல" என்றார் அவர்.

"சிரிச்சேன்."

"ஏட்டி, நேத்து வீட்ல வச்சு சிரிக்கலன்னுதானே சொன்ன?"

"நேத்து மறந்துட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நறுமுகைக்கு ஒரே கொண்டாட்டம்.

வயதானவர்களுக்கு மைக்கைக் கழற்றி மாட்டித் தொந்தரவு செய்வது என் வழக்கம் இல்லை. சாப்பாட்டு நேரத்திலும் அப்படியே விட்டுவிடுவேன். ஒலியை மட்டும் குறைத்துவிட வேண்டும். இன்று குறைக்க மறந்தேன். ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்காமல் தயிர்ச்சோறு சாப்பிடுவதும் என் வழக்கம். இரண்டும் சேர்ந்துகொண்டது. அவர்கள் இருவரும் ஆலையின் பின்பக்கம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க எதுக்கு நீலக் குடைன்னு சொன்னீக? பச்சைன்னுல்லா பேசி வச்சிருந்தோம்."

"வாயில நீலம்னு வந்துட்டு."

"இனிமே நீலந்தான். மாத்தாதீக. தட்டச்சு எந்த ஊர்லன்னு கேட்டா?"

"பாவூர்சத்திரம்."

"ம். நான் திரும்பிப் பாத்தேன்ல, அப்ப நீங்க என்ன செஞ்சீக?"

"அது பேசலையே."

"யோசிச்சு வைங்க. அந்தப் பிள்ள கேக்கும்."

தயிர்ச்சோற்றைக் கீழே வைத்தேன். குடை இல்லை, தட்டச்சு இல்லை, எட்டு பத்து வண்டி இல்லை. அத்தனையும் வீட்டில் உட்கார்ந்து இருவரும் சேர்ந்து கட்டியது. எங்கள் கடைசி ஜோடி காதலிக்கவே இல்லை.

ஜூலை 12

நறுமுகையிடம் சொல்லவில்லை. சொல்லத்தான் போனேன். அவள் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தாள். பதினாறாம் தேதி, வண்டியை நிறுத்தும் காட்சி. படத்தின் கடைசிக் காட்சியே அதுதான். "இதுக்காகத்தான் சார் நாலு ஊர் சுத்தினோம்" என்றாள். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சொன்னால் அந்த இருவரையும் அனுப்பிவிடுவார்கள். அதுவும் நியாயம்தான். ஜோடி தேடிக் கொடுத்த விளம்பரத்திலேயே 'காதலித்து மணந்தவர்கள் மட்டும்' என்று போட்டிருந்தார்கள். தெருவே வேடிக்கை பார்க்கிற வீட்டிலிருந்து, பொய் சொன்னவர்கள் என்று சாமான்களை எடுத்துக்கொண்டு நாங்கள் கிளம்பினால், அந்தம்மா நாளைக்கு எப்படிக் குழாயடிக்குப் போவார்?

மதியம் ஒலியைக் குறைக்கவில்லை. மறந்து அல்ல. தவறுதான். எழுதி வைக்கிறேன்.

"பொய் சொல்லுதோமேன்னு எனக்கு ஒரு மாதிரி இருக்குட்டி" என்றார் அவர். "எங்க அக்கா பேசி முடிச்சா. லீவு கெடைக்கல, பொண்ணு பாக்கவே வரல. மணவறைலதான் உன் மூஞ்சியப் பாத்தேன். இதச் சொன்னா என்ன?"

"சொன்னா, சரிம்மா போயிட்டு வாங்கன்னு சொல்லிருவாக. முப்பத்தெட்டு வருசத்துல ஒருத்தராவது கேட்டாகளா, நீங்க ரெண்டு பேரும் எப்படின்னு? இந்தப் பிள்ள கேக்கு. எனக்குச் சொல்லணும்னு இருக்கு. சொல்ல ஒண்ணுமில்லன்னா நான் என்ன செய்ய?"

அவர் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நீ திரும்பிப் பாத்தப்ப நான் பேனாவக் கீழ போட்டுட்டேன். அப்படி வச்சுக்குவமா?" என்றார்.

அந்தம்மா சிரித்தார். படத்துக்காகச் சிரித்த சிரிப்பு இல்லை. இருபத்திரண்டு வருட அனுபவத்தில் இந்த வித்தியாசம்கூடத் தெரியாவிட்டால் நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். அறுபத்தொரு வயதுப் பெண்மணி, கட்டி முப்பத்தெட்டு வருடமான புருஷன் போடாத பேனாவைப் போட்டதாகச் சொன்னதற்கு வெட்கப்பட்டுச் சிரிக்கிறார். அவரும் சிரித்தார். கதை கட்டப் போன இடத்தில் இருவரும் வசமாக மாட்டிக்கொண்டுவிட்டார்கள். அவர்களுக்கு அது தெரியவில்லை. எனக்குத்தான் கேட்கிறது.

மங்கைக்குப் போன் செய்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். "என்ன புதுசா?" என்றாள். நாற்பது விநாடி.

ஜூலை 13

இன்று அவர்கள் வீட்டிலேயே படப்பிடிப்பு. சமையலறையில் அந்தம்மா அரிவாள்மணையில் வெண்டைக்காய் நறுக்கும் காட்சி எடுத்து முடித்தோம். மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். நான் வாசலில் ஒலிப்பதிவுப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவர்கள் பதினாறாம் தேதிக்காகப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ ஓடி வார. நான் பாக்கேன். மணி எட்டு பத்து. விசில் கைல இருக்கு. ஊதல."

வெண்டைக்காய் நறுக்கும் சத்தம் நின்றது.

"நெசமாவே ஊதாம இருந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார் அந்தம்மா.

"எப்ப?"

"பாப்பாவுக்கு ஜன்னி வந்தன்னைக்கு."

அந்தம்மா மறுபடி நறுக்க ஆரம்பித்தார்.

"ஒம்பது மாசப் பிள்ள. கண்ணு மேல சொருகிட்டு. பெரியாஸ்பத்திரிக்கு எட்டு பத்த விட்டா ஒம்பதரைதான். தோள்ல போட்டுட்டு ஓடி வாரேன். தெரு முனைல இருந்து உங்களப் பாத்தேன். நீங்களும் பாத்தீக. கடியாரத்தப் பாத்தீக. ஊதிட்டீக."

"வடிவு…"

"அப்புறமா பக்கத்துல வந்து டீ வாங்கிக் குடுத்தீக. குடிச்சேன். ஒம்பதரைக்குப் போனேன். பிள்ள பொழச்சிட்டு, அதுக்கென்ன. இன்னைக்கு ஓசூர்ல நல்லாத்தான் இருக்கா. நான் ஒண்ணும் சொல்லலியே. வெண்டிக்கா போதுமா?"

"சட்டம்னு ஒண்ணு இருந்துது வடிவு. சொந்தப் பொண்டாட்டிக்குன்னு நிறுத்துனா நாளைக்கு ஊரே…"

"தெரியுங்க. அதான் நான் ஒண்ணும் சொல்லலியே."

அதற்குப் பிறகு இரண்டு மைக்கிலும் மூச்சு மட்டும்தான். எத்தனை ரூம் டோன் எடுத்திருக்கிறேன். அப்படியொரு அமைதியை இதுவரை பதிவு செய்ததில்லை. இத்தனை வருடம் பேசாமல் வைத்திருந்த ஒன்று, வெண்டைக்காய்க்கு நடுவே வெளியே வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு அந்தக் கதை புரிந்தது. நீலக் குடை, தட்டச்சு எல்லாம் மேல்பூச்சு. அந்தம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தான் ஓடி வரும்போது நிற்கிற வண்டி.

ஒலியை அணைத்தேன்.

மங்கைக்கு வயிற்றில் ஆப்பரேஷன் நடந்தபோது நான் ஹைதராபாத்தில் இருந்தேன். நாலு நாள் வேலை பாக்கி இருந்தது. அவள் தங்கை கூட இருந்தாள். அவள் வீடு திரும்பிய பிறகு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். சாப்பிட்டாள். இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூலை 14

தம்பதி வரவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். யாருக்கு என்று சொல்லவில்லை.

நறுமுகை நகத்தைக் கடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். "அவங்க பின்வாங்கிட்டா படத்துக்கு முடிவே இல்ல சார். உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா? அவங்க பேசுறது உங்களுக்குத்தானே கேக்கும்?"

"எனக்கு மழை சத்தம்தாம்மா கேக்குது" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

ஜூலை 15

காலையில் லாட்ஜ் வாசலில் ஆவுடையப்பன் நின்றிருந்தார். குடை பிடித்திருந்தும் பாதி நனைந்திருந்தார். கறுப்புக் குடை. எதிரே இருந்த டீக்கடைக்குப் போனோம். அவர் டீயைத் தொடாமலே உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, அந்த மைக்கு நாங்க சாப்பிடுதப்பவும் கேக்குமோ?"

பொய் சொல்லியிருக்கலாம். "கேக்கும் ஐயா. கேட்டேன். என் தப்புதான். மன்னிச்சிருங்க."

அவர் கோபப்படவில்லை. தலையை ஆட்டினார். "அப்ப நான் முழுசும் சொல்ல வேண்டாம், நல்லதாப் போச்சு. ரெண்டு நாளா அவ எங்கிட்ட நல்லாத்தான் பேசுதா. சாப்பிட வாங்கங்கா, துண்டு எங்கங்கா. அதத்தான் என்னால தாங்க முடியல. அதுக்கப்புறம் முப்பத்தஞ்சு வருசமும் இப்படித்தான பேசுனா. நான் நல்லாருக்கோம்னுல்லா நெனச்சேன்."

நனைந்த குடையை மடக்கிப் பெஞ்சுக்கு அடியில் வைத்தார்.

"அந்தச் சட்டம் போட்ட சான்றிதழ நேத்து எறக்கி வச்சேன். அவ மறுபடி மாட்டிட்டா. செவுத்துல வெள்ளையாத் தெரியுதாம்."

"நான் என்ன செய்யணும்?"

"அந்தப் பிள்ளட்ட நானே சொல்லிருதேன். நாளைக்கு, அங்கன வச்சு. எல்லார் முன்னாலயும் பொய் சொன்னேன், எல்லார் முன்னாலயும்தான் சொல்லணும். அதுவரைக்கும் நீங்க சொல்லாண்டாம். வண்டி உண்டும்லா நாளைக்கு? ஓடுற வண்டிதான?"

"ஓடும்."

"சரி" என்றார். டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். ஆறிப்போயிருந்தது.

ஜூலை 16

முழுவதையும் எழுத முடியுமா என்று பார்க்கிறேன்.

காலை ஏழரைக்கெல்லாம் ஆலை முற்றத்தில் பழைய பஸ் ஒன்று வந்து நின்றது. டிரைவரும் நிஜ டிரைவர். மழை கொஞ்சம் விட்டிருந்தது. தம்பதி ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மைக் குத்தும்போது அந்தம்மா, "தலவலி சரியாப் போச்சு" என்று நான் கேட்காமலே சொன்னார். இருவரும் மானிட்டர் முன் அமர்ந்தார்கள். அதே ஒரு சாண்.

நாயகி தெரு முனையில் நீலக் குடையோடு நின்றாள். நாயகன் கையில் விசிலோடு டைம் கீப்பர் அறை வாசலில் நின்றான். நறுமுகை 'ஆக்‌ஷன்' சொன்னாள். நாயகி ஓடி வந்தாள். நாயகன் விசிலை வாயருகே கொண்டுபோய் இறக்கினான்.

ஆவுடையப்பன் எழுந்தார். நேராகக் கேமராவுக்கு முன்னால் நடந்து போனார். "கட்" என்று யாரோ கத்தினார்கள். நறுமுகை கையை உயர்த்தி அவர்களை அடக்கினாள். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

"டைரக்டரம்மா, நாங்க காதலிச்சுக் கட்டல" என்றார். "குடை, தட்டச்சு, எல்லாம் பொய். எங்க அக்கா பாத்து முடிச்ச கல்யாணம். நான் எந்த வண்டியையும் நிறுத்துனதில்ல. இவ ஒருநாள் சீக்குப் பிள்ளையத் தூக்கிட்டு இதே எட்டு பத்துக்கு ஓடி வந்தா. கண்ணால பாத்தேன். பாத்துக்கிட்டே விசில் ஊதுனேன். அதுதான் நடந்துது."

சண்முகவடிவு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நான் நறுமுகையைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. இப்போது சாமான்களைக் கட்டச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்கய்யா" என்றாள்.

அவர் நாயகனிடம் கையை நீட்டினார். பையன் விசிலைக் கொடுத்தான். "ஒரு தடவ நான் நிக்கட்டும். அவ வரட்டும். நீங்க எடுத்தாலும் சரி, எடுக்காட்டாலும் சரி."

"என்னங்க இது, எல்லாரும் பாக்காங்க" என்றார் அந்தம்மா.

"பாக்கட்டும் வடிவு. அன்னைக்கும் எல்லாரும் பாத்துட்டுத்தான இருந்தாங்க."

அந்தம்மா எழுந்திருக்கச் சிறிது நேரம் ஆனது. நாயகி நீலக் குடையை நீட்டினாள். வேண்டாம் என்று தலையசைத்தார். நாற்காலி முதுகில் கிடந்த கணவரின் துண்டை எடுத்தார். அதை நான்காக மடித்துத் தோளில் போட்டு, கீழே கை கொடுத்துத் தாங்கிக்கொண்டார். அப்படியே தெரு முனைக்கு நடந்து போனார். நாயகி அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அவள் அழுகை பதிவாகிறதே என்ற கவலைகூட வரவில்லை.

டிரைவர் எஞ்சினைப் போட்டார். ஆவுடையப்பன் மணியைப் பார்த்தார். போய் வண்டிக்கு முன்னால் நின்று, வலது கையை நீட்டிக்கொண்டார். விசில் இடது கைக்குள் இருந்தது.

அந்தம்மா வந்தார். ஓடவில்லை, நடந்து வந்தார். பாதி வழியில் நின்றார். செருப்பு வாரைச் சரிசெய்தார். சரியாகத்தான் இருந்தது, நான் பார்த்தேன். நிமிர்ந்து வண்டியைப் பார்த்தார், நிற்கிறதா என்று. நின்றது. மறுபடி நடந்தார். அவசரமே இல்லாமல், முற்றம் முழுவதும் தன்னுடையது என்பதுபோல நடந்தார். தூறல் போட ஆரம்பித்தது. நீட்டிய கையை ஆவுடையப்பன் இறக்கவே இல்லை.

பக்கத்தில் வந்ததும் அந்தம்மா, "ரெண்டு நிமிசம்னுல்லா சொன்னீக?" என்றார்.

"நாலாச்சு. நிக்கட்டும்."

அந்தம்மா படியில் கால் வைத்து ஏறினார். ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

ஆவுடையப்பன் டைம் கீப்பர் அறைக்குள் போய்ப் பதிவேட்டைத் திறந்தார். தாமதம் என்ற இடத்தில் நான்கு நிமிடம் என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் சண்முகவடிவு என்று எழுதினார். எழுதி முடித்ததும் பேனா கையிலிருந்து கீழே விழுந்தது. வேண்டுமென்று போட்டதா, தானாக விழுந்ததா என்று நான் யாரையும் கேட்கப்போவதில்லை.

நறுமுகை கட் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினாள். ரூம் டோன்.

டிரைவர் எஞ்சினை அணைத்தார். எல்லோரும் நின்ற இடத்தில் நின்றோம். ஆவுடையப்பன் போய்ப் படிக்குக் கீழே நின்றார். அந்தம்மா படியிலேயே நின்றார். எஞ்சின் சூடு ஆறும் சத்தம் கேட்டது. தகரத்தில் தூறல். அவருடைய கடிகாரம். பிறகு இரண்டு மூச்சு, முதலில் தனித்தனியாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து. அந்தம்மா துண்டை இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை. அதை மெல்லத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தமும் கேட்டது.

இந்த வேலைக்கு வந்ததற்காக இன்று முதல் தடவையாகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். இவ்வளவு பெரிய ஒன்று இவ்வளவு சின்னச் சத்தத்தோடு நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஒரு நிமிடத்தில் நிறுத்தச் சொல்ல வேண்டியவன் நான். மறந்துவிட்டேன். பெட்டியைப் பார்த்தபோது நான்கு நிமிடம் ஓடியிருந்தது.

ஜூலை 17

பொய்யையும் வைத்துக்கொண்டே படத்தைத் தொகுக்கப்போகிறாள் நறுமுகை. முதலில் நீலக் குடை, கடைசியில் துண்டு. தம்பதி சம்மதித்துவிட்டார்கள். அந்தம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். நீலக் குடைக் காட்சியில் நாயகி இன்னும் கொஞ்சம் சிரிக்க வேண்டுமாம்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்ல சார்?" என்றாள் நறுமுகை.

"தெரியும்."

"அவங்க தனியாப் பேசினது பதிவுல இருக்கா?"

இருந்தது. நேற்று மாலையே அழித்துவிட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் நல்ல பதிவு ஒன்றை நான் அழித்தது இதுதான் முதல் தடவை. அது அவர்களுடையது. "இல்லம்மா" என்றேன். அவள் நம்பவில்லை. ஆனால் மேலே கேட்கவும் இல்லை.

இவளுக்கு அடுத்து நாகர்கோவிலில் ஒரு விளம்பரப் படம், நான்கு நாள் வேலை. இங்கிருந்தே அப்படியே வந்துவிடுங்கள் என்று முன்பே சொல்லியிருந்தாள். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டாள். மங்கையர்க்கரசி என்று சொல்ல வாயெடுத்தேன். வீட்டில் வேலை என்று சொன்னேன். எனக்கு இன்னும் அவ்வளவு தைரியம் வரவில்லை.

நாளை காலை ரயில். அதுவரை பொறுக்க முடியாமல் சாயங்காலம் மதுரைக்குப் போன் செய்தேன்.

"மங்கை, நாளைக்கு வர்றேன்."

"நாகர்கோவில்னீங்க?"

"போகல."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாருக்கேன். ஒண்ணு கேக்கணும். ஒரே ஒரு நிமிஷம் போனை வைக்காம, எதுவும் பேசாம இருக்கியா?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அடுப்பில் ஏதோ கொதிக்கிறது, பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள் திருத்த வேண்டும், அவளுக்கு ஆயிரம் வேலை. நான் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டேன். என் வீட்டின் சத்தம் வந்தது. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கிறீச்சிட்டது, எத்தனை வருடமாக எண்ணெய் போடச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கொடியில் துணி காற்றில் அடித்துக்கொண்டது. பதினோரு விநாடி கடந்தது. இருபது கடந்தது.

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சாப்பாட்டு மேசையின் நாற்காலி ஒன்றை அவள் இழுத்தாள். அதில் உட்கார்ந்தாள்.